ரேடியோவுக்காக வாங்கிய பிரிண்டர்

என் கணவர் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். போன லீவில் வந்தபோது, அடுப்படியில் நான் கேட்க ஒரு சின்ன ரேடியோ செய்ய ஆரம்பித்தார். மரப்பெட்டி முடிந்தது. செம்பு பூசிய பலகையை அதன் அளவுக்கு அறுத்தும் வைத்தார். அதற்குள் லீவு முடிந்துவிட்டது.

"மிச்சத்த நீயே முடிச்சிடு. சர்க்யூட் படத்த பிரிண்ட் எடுத்து, பலகை மேல கவுத்து இஸ்திரி போடு. கோடெல்லாம் செம்புல ஒட்டிக்கும். அப்புறம் நான் வெச்சிருக்க கரைசல்ல போட்டா, கோட்டுக்கு அடியில இருக்க செம்பு மட்டும் மிஞ்சும், அதுதான் சர்க்யூட்டு" என்று போனில் சொன்னார்.

எந்தப் பிரிண்டர் என்று நான் கேட்கவில்லை. கடலூரில் ஒரு இங்க்ஜெட் வாங்கினேன். அவர் அனுப்பும் போட்டோக்களையும் கலரில் எடுக்கலாமே என்ற ஆசைதான்.

இஸ்திரி போட்டதும் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. இது போதும் என்று செம்பை அரிக்கும் கரைசலில் பலகையைப் போட்டேன். கோடுகளும் போய், செம்பும் மொத்தமாகப் போய்விட்டது.

"இங்க்கு ஈரத்துல கரைஞ்சிடும்மா. லேசர் பிரிண்டர் தூளுதான் சூட்டுல உருகி ஒட்டும்" என்றார்.

"நீங்க அறுத்த பலகை மச்சான்."

"வந்து வேற அறுத்துத் தரேன்."

எப்போது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேசரில் சர்க்யூட் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் எந்தப் பிரிண்டையும் ஈர விரலால் ஓரத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

இங்க்ஜெட்டில் எடுத்த அவர் போட்டோ அந்தக் காலி மரப்பெட்டிக்குள் நிற்கிறது. கையையும் கண்ணையும் துடைத்துக்கொண்டுதான் அதை எடுப்பேன்.