தொரை வெயில் காய்ந்த நாள்

குன்னூர் எஸ்டேட் பங்களாவில் நான் பட்லராக இருந்தபோது, எங்கள் தொரையின் தம்பி சீமையிலிருந்து வந்தார். பனிமலை ஏறுகிறவர். காடும் கடலும் பார்க்க ஆசைப்பட்டார். இங்கிலீஷ் எனக்கு விளங்கும் என்பதால் துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

கூடலூருக்குக் கீழே மழைக்காட்டில் காலெல்லாம் அட்டை ஏறியது. அவர் குழந்தை மாதிரி சிரித்தார். கோழிக்கோட்டில் காலை முழுவதும் கடலில் குளித்துவிட்டு, சட்டையில்லாமல் மணலில் குப்புறப் படுத்தார். "கொஞ்ச நேரத்தில் எழுப்பு" என்றார்.

நான் எழுப்பவில்லை. எங்கள் மலையில் வெயில் அடித்தாலே முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவோம். குளிர்தேசத்து மனிதர், நன்றாகக் காயட்டும் என்று நானும் தென்னை நிழலில் கண்ணயர்ந்தேன்.

ஒரு மீனவர் என்னை உலுக்கினார். என் கம்பளிக் கோட்டைப் பார்த்து, "எடா, வெயில் காயான் இது ஊட்டியாணோ?" என்று மலையாளத்தில் கத்தினார். சின்னத் தொரையின் முதுகு நெருப்பாய்ச் சிவந்திருந்தது. மறுநாள் அவர் சட்டையைக் கழற்றினேன். தோலும் கூடவே வந்தது.

பங்களாவில் பெரிய தொரை பிரம்பை எடுத்தார். "ஏன் எழுப்பவில்லை?"

"தெரியாமப் போச்சுங்க தொரை..."

குப்புறக் கிடந்தவர் தலையைத் தூக்கினார். "எழுப்பினான். நான்தான் போகச் சொன்னேன்."

எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யில் பெரிய தொரையின் பிரம்பு கீழே இறங்கியது.

இன்றும் பனிக்காலத்தில் எல்லோரோடும் வெயில் காய உட்காருகிறேன். யாரும் எழுப்பாமலே, கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுகிறேன்.