பெயர் தெரியாத மாட்டுக்காரர்

குதிரைக்குக்கூடப் பெயர் போட்டிருந்தார்கள். ரத்தினம்மாவுக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துத்தான்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிப் புதிதாக எழும்பிய அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ‘வயல்வெளியிலிருந்து வணிக நகரம் வரை’ என்று ஒரு படச்சுவர் வைத்திருந்தார்கள். அன்றைக்குத் திறப்பு விழா. காட்டை வெட்டி ஜாதிக்காய்த் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைக்கு முழுப்பெயர், பட்டம், பிறந்த ஊர். அவர் பந்தயத்துக்கு விட்ட குதிரைக்கு ‘லேடி ரோஸ்’. மிளகு விற்ற சீன முதலாளிக்குப் பெயர் இருந்தது, துணிக்கடை வைத்தவருக்கு இருந்தது, இந்தக் கட்டடத்தைக் கட்டிய கம்பெனித் தலைவருக்கு இரண்டு வரி நீளத்துக்கு இருந்தது. நடுவில், கறவை மாட்டின் கழுத்தில் கை போட்டு நிற்கும் ஒல்லியான மனிதரின் படம். அதன் கீழே, ‘பெயர் தெரியாத மாட்டுக்காரர், 1974.’

அந்த மாட்டுக்காரரோடு நாற்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவள் ரத்தினம்மா. படத்தைக் கொடுத்ததே அவள்தான்.

கல்யாணமாகிப் பொத்தோங் பாசிர் என்ற கம்பத்துக் குடியிருப்புக்கு அவள் வந்தபோது தொழுவத்தில் ஏழு மாடு. விடியுமுன்னே இரண்டு பேருமாகக் கறப்பார்கள். அவர் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு தேக்கா சந்தைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டு வருவார். மழையென்று ஒருநாள் நின்றதில்லை, காய்ச்சலென்று ஒருநாள் படுத்ததில்லை. பிறகு அரசாங்கத்தார் கம்பத்தைக் காலி செய்தார்கள். மாடுகள் போயின, ஈசூனில் பத்தாவது மாடியில் வீடு கிடைத்தது. அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார், அவள் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்தாள். மகன் வெங்கட் படித்து, இன்றைக்கு அதே தஞ்சோங் பகாரில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். ஊர் வளர்ந்தது, வளர்ந்தது என்கிறார்களே, தானாகவா வளர்ந்தது? உழைத்தவன் மட்டும் பெயர் தெரியாதவனாகிவிட்டானா?

கண்காட்சியை நடத்தும் ரமணன் கோட்டும் சூட்டுமாக விருந்தினர்களோடு சிரித்துக்கொண்டிருந்தார். ரத்தினம்மா நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

“தம்பி, அந்தப் படத்துல இருக்கறது எங்க வீட்டு அவரு. ஊர் பேர் இல்லாத ஆளு மாதிரி எழுதி வச்சிருக்கீங்க.”

“ஓ, அப்படியாம்மா? சாரி மா. பேனல் எல்லாம் பிரிண்ட் பண்ணி ஒட்டியாச்சு லா. அடுத்த ரிவியூ ஆறு வாரம் கழிச்சு, அப்பதான் மாத்த முடியும். ஒரு ஈமெயில் போட்டுருங்க. கூடவே ஏதாவது ஆதாரம் வச்சு அனுப்புங்க.”

“நாப்பத்து மூணு வருஷம் அவருக்குச் சோறு போட்டவ உங்க முன்னாடி நிக்கிறேன். இதுக்கு மேல என்னப்பா ஆதாரம்?”

ரமணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். “சரிம்மா, பேரு சொல்லுங்க. நானே எழுதிக்கறேன்.”

ரத்தினம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

பக்கத்தில் நின்ற கவிப்ரியாதான் மெதுவாகச் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் கண்காட்சிக்காக ஈசூன் வீட்டுக்கு வந்து படத்தை வாங்கிப்போன பெண் அவள். “அன்னிக்கே கேட்டேனே ஆண்டி. மூணு தடவை கேட்டேன். மகன் வந்தா கேட்டுக்கன்னு சொன்னீங்க. நானும் மறுபடி கால் பண்ணாம விட்டுட்டேன். என் மேலயும் தப்புதான்.”

சுருக்கென்றது. அந்தப் பெண் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கட்டிய நாளிலிருந்து ரத்தினம்மா புருஷன் பெயரை வாயால் சொன்னவளில்லை. கிளினிக்கில் கேட்டால் அவருடைய அடையாள அட்டையை நீட்டுவாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் மகன் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டை நீட்டுவாள். அவருக்கு வைத்தது சாமி பெயராகப் போய்விட்டதால், சாமியைக்கூட அந்தப் பெயரால் கூப்பிடாமல் முருகா, முருகா என்றே காலத்தை ஓட்டிவிட்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள்.

இவ்வளவு நேரம் ஊர்மேல் இருந்த கோபம் அப்படியே தன்மேலேயே திரும்பியது. இவர்கள் எழுதாமல் விட்டது பாதி, தான் சொல்லாமல் விட்டது பாதி. மனிதர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இனிமேல் குறைவதற்கு அவரிடம் என்ன ஆயுசு இருக்கிறது?

“சுப்பிரமணியம்,” என்றாள்.

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. கவிப்ரியா போனில் எழுதிக்கொண்டாள். ரத்தினம்மா நிறுத்தவில்லை. “சுப்பிரமணியம். அப்பா பேரு காளிமுத்து. பொத்தோங் பாசிர்ல பால்கார சுப்பிரமணியம்னு கேட்டா சீனன், மலாய்க்காரன் எல்லாருக்கும் தெரியும்.”

“ஓகே மா, கண்டிப்பா மாத்திடறோம்,” என்றார் ரமணன். “ஆறு வாரம் மட்டும் பொறுத்துக்குங்க.”

“அதுவரைக்கும் வர்றவங்க எல்லாம் பேரு தெரியாத ஆளுன்னு பாத்துட்டுப் போவாங்களா? நான் இங்கயே உக்காந்துக்கறேன்.”

ரத்தினம்மா விருந்தினர் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் படத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். காவலாளி ஓர் அடி எடுத்து வைத்தார். கவிப்ரியா அவரைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஆண்டி, தினமுமா வரப் போறீங்க?”

“எம்ஆர்டி ரயில் இருக்குல்ல. காலையில வந்துட்டு சாயங்காலம் போறேன். உனக்கு என்ன?”

மேல்மாடி அலுவலகத்தில் வேலை பார்க்கும் சீனப் பெண் ஒருத்தி, காப்பிக் கோப்பையோடு வந்து படத்தின் முன்னால் நின்று கீழே இருந்த வரியைப் படித்தாள். ரத்தினம்மா அவள் கையைத் தொட்டாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அந்தத் தளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“ஹிஸ் நேம், சுப்பிரமணியம். மை ஹஸ்பண்ட்.”