கோழிப் பெட்டிக்குள் குங்குமச் சிமிழ்

சண்முகராசா அண்ணை தன் கடைக் கவுண்டருக்கு முன்னால் குந்தியிருக்கிறார். லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் பொரித்த கோழி விற்கும் மனிதர் அவர். கடை திறந்ததும் இப்படிக் குந்தி, ஒரு சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு எது தெரிகிறது என்று பார்ப்பது வழக்கம். விலைப்பட்டியல் தெரியக் கூடாது, விளையாட்டுச் சாமான் தெரியவேண்டும். எழும்பும்போது மட்டும் முழங்கால் அவருடைய சொந்த வயதைச் சொல்லிவிடும்.

"காசு தாய்தகப்பனிட்ட இருக்குது. கால் பிள்ளையிட்ட இருக்குது. அது எந்தக் கடைக்குள்ள ஓடுதோ, குடும்பம் அங்கதான் சாப்பிடும்" என்பார்.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. எதிர்ப்பக்கம் பெரிய கம்பனிக் கடை ஒன்று வந்து, சாப்பாட்டோடு பொம்மையும் கொடுக்கத் தொடங்கியது. அண்ணை ஈ ஓட்டினார். லண்டன் குளிரில் அதற்கும் ஈ இல்லை. கடையை மூடுவதா என்று வீட்டில் பேச்சு நடந்தது. கடைசி முயற்சியாகத் தானும் கிட்ஸ் மீல், அதாவது சாமானோடு பிள்ளைகளுக்கான பெட்டிச் சாப்பாடு, போட்டார். பெட்டிகள் வந்தன, பொம்மைகள் வரவில்லை. சனிக்கிழமை சனம் மட்டும் வந்துவிட்டது.

மகள் கௌசியின் கல்யாணத்துக்கு வந்த பெண்களுக்குக் கொடுத்து மிஞ்சிய குங்குமச் சிமிழ்கள் வீட்டில் கிடந்தன. "பிள்ளையள வெறுங்கையோட அனுப்பேலாது" என்று பெட்டிக்கு ஒன்றாகப் போட்டார்.

மனைவி நகுலேஸ்வரி தலையில் கைவைத்தார். "மங்கலச் சாமானைக் கோழிக்காலோட போடுறியளே, உங்களுக்கென்ன விசரே?"

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் சிமிழைக் கேட்டே வந்தார்கள். மினுங்கும், மூடி திருகும், உள்ளங்கைக்குள் அடங்கும். ஒருவன் அதில் எறும்பு வளர்த்தான். பலர் விழுந்த பல்லை வைத்தார்கள், இரவில் தலையணைக்கு அடியில் இருக்கும் பல்லை எடுத்துக் காசு வைத்துவிட்டுப் போகும் பல் தேவதைக்குத் தேடி எடுக்கச் சுகமாம். அதிலிருந்து அண்ணைக்கு ஒரே பெருமை. "சாப்பாட்டோட சாமான் குடுக்கிறத அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சவனாம். எங்கட சனம் கல்யாண வீட்டில சோறும் போட்டுச் சாமானும் குடுத்துவிடுறது எந்தக் காலத்தில இருந்து?"

போன சனிக்கிழமை நான் கோழிக்குக் காத்து நின்றபோது அபீனா வந்தாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் கானா நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு கையில் எதிர்க்கடைப் பெட்டி, மற்றக் கையில் கடதாசியில் சுற்றிய முன்பல். புதுப் பொம்மைக்காக அங்கே போனாளாம், கடித்த இடத்தில் பல் விழுந்துவிட்டதாம். இனி அங்கிளின் சிமிழ் ஒன்று வேண்டும்.

எதிர்க்கடைப் பெட்டியைக் கண்டதும் அண்ணையின் முகம் சுருங்கியது. சிமிழும் முடிந்திருந்தது, காசு கொடுத்து எடுப்பித்த அடுத்த பொதி இன்னும் வந்து சேரவில்லை.

"ஃபினிஷ்ட், டார்லிங்" என்றார்.

அவள் அழவில்லை. கடதாசியை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். எனக்கே பாவமாக இருந்தது.

அண்ணை கல்லாவுக்கு மேலே எட்டி, பிள்ளையார் படத்தடியில் இருந்த சிமிழை எடுத்தார்.

"அது சாமியின்ர" என்றார் பின்னால் நின்ற நகுலேஸ்வரி.

"அவருக்கும் ஒரு கொம்பு முறிஞ்சதுதானே. விளங்கும்."

குங்குமத்தைத் தன் உள்ளங்கையில் தட்டிக் கொட்டினார். ஏப்ரன் நுனியால் உள்ளே நன்றாகத் துடைத்தார். பிறகு மூடியைப் போடாமலே, பல்லை இடச்சொல்லி அபீனாவுக்கு முன்னால் நீட்டினார்.