பன்னிரண்டு மீன்களும் என் சிநேகிதியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவர் சேத்தூர் சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ராஜபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. காலையில் கிளம்பினால் திரும்பச் சாயங்காலமாகிவிடும். பகலெல்லாம் அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். பேச்சும் குறைந்துகொண்டே வந்தது.

அவரைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் சிநேகிதி வந்தாள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். எனக்கு டைபாய்டு வந்தபோது முகம் சுளிக்காமல் வாந்தி அள்ளியவள். அவளும் அவள் கணவரும் அப்போது தேரடிப் பக்கம் வண்ண மீன் கடை வைத்திருந்தார்கள். "கண்ணு முன்னால உயிருள்ளது ஏதாச்சும் அசையணும்ட்டி. மனசு லேசாகும்," என்றாள். மறுநாளே ஒரு கண்ணாடித் தொட்டி வேனில் வந்து இறங்கியது. கூடவே அவளும் வந்தாள். கூழாங்கல் பரப்பி, எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, காற்று மோட்டாரும் பஞ்சு பில்டரும் மாட்டி, அன்றைக்கே பன்னிரண்டு தங்கமீன்களை விட்டாள். வாரம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கல்லையும் பஞ்சையும் தேய்த்துக் கழுவச் சொன்னாள்.

அவர் முகம் மாறியது. எந்த மீன் எதை விரட்டுகிறது, எது சோம்பேறி என்று நான் வந்ததும் ஒப்பிப்பார். ஐந்தாம் நாள் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள்கள் ரத்தச் சிவப்பாக இருந்தன. வாரக் கடைசிக்குள் நான்கு செத்துவிட்டன.

பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். உங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம், இன்னும் நன்றாகக் கழுவு என்றாள். உனக்கு மீன் ராசி இல்லை என்று சிரித்தாள். வேறு நான்கு மீன்களைக் கொடுத்தனுப்பினாள். விரல் நகம் தேயக் கழுவினேன். அவையும், பழையவற்றில் சிலவும் செத்தன. மூன்றாம் தடவை மீன் பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர், "இனிமே வாங்கிட்டு வராதே. சாகுறதப் பாக்கதுக்கா நான் கிடக்கேன்?" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறை வகுப்பு. உப்பில் அம்மோனியா இருக்கிறதா என்று பார்க்க நெஸ்லர் கரைசலை விட்டால் பழுப்பு நிறம் வரும். வருடாவருடம் நான் சொல்லிக்கொடுப்பதுதான். மீன் கழிவிலும் அம்மோனியாதானே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுபோனேன். இரண்டு சொட்டு விட்டதுமே கடும் மஞ்சளாகிப் பழுப்பேறியது. மீன்கள் தங்கள் கழிவிலேயே வெந்துகொண்டிருந்தன.

பாவம், அவளுக்கும் இது தெரியாது என்றுதான் நினைத்தேன். சொன்னால் அவள் கடைக்கு உதவும் என்று சனிக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன். அவள் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. அவளுடைய நாத்தனார் காபி கொடுத்தாள். கூடத்தில் ஒரு பெரிய தொட்டி. கல்லில் பாசி படிந்திருந்தது, பஞ்சு கறுத்துப்போயிருந்தது, மீன்கள் அமைதியாக நீந்தின. இதை எப்போது கழுவுவீர்கள் என்று கேட்டேன்.

"அண்ணன் கழுவவே விடமாட்டாக மதினி. அந்த அழுக்குலதான் தண்ணியச் சுத்தம் பண்ணுற கிருமி இருக்காம். முதல் ஒரு மாசம் ரெண்டே மீன்தான் விட்டாக. புதுத் தொட்டியில அள்ளிப் போட்டா அம்புட்டும் செத்துரும்பாக."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிநேகிதி வந்தாள். நான் தொட்டியைத்தான் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுதோம். செத்தாத்தான் திரும்ப வருவாக. உனக்கு மட்டும் மாத்திச் சொன்னா எங்க வீட்டுக்காரரு ஏசுவாரு."

"கட்டில்ல கிடக்கிற மனுசருக்குமாட்டி?"

அவள் தொட்டிக்குள் கையை விட்டு அந்தக் கறுத்த பஞ்சைக் கழற்றி, தண்ணீரோடு ஒரு பையில் போட்டு நீட்டினாள். அதை அவள் காலடியில் எறிந்துவிட்டு வர வேண்டும் போலிருந்தது. ஆனால் வீட்டில் நான்கு மீன்கள் மிச்சமிருந்தன. வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் அந்தப் பை நனைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண் ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தப் பஞ்சை எங்கள் பில்டரில் மாட்டினேன். கழுவுவதை நிறுத்தினேன். தினமும் கால்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகைத் தீனி. பள்ளியில் நெஸ்லர் பார்ப்பேன். பழுப்பு மஞ்சளானது, மஞ்சள் வெளிறியது. ஒரு மாதத்துக்குப் பின் நிறமே வரவில்லை. நான்கு மீன்களும் பிழைத்தன. அவர் மறுபடி தொட்டிப் பக்கம் திரும்பிப் படுத்தார், பிறகு கோலூன்றி எழுந்து தொட்டியருகே நாற்காலி போட்டுக்கொண்டார்.

நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ சிநேகிதி கொடுத்தது. தங்கமான பொண்ணு," என்பார். நான் காபி போட உள்ளே போய்விடுவேன். அதற்குப் பிறகு அவள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை.