நீரூற்றுக் குழாயில் ஈரம்

நீரூற்றின் வால்வுக் குழிக்குள் நின்றவருக்குக் கூட்டத்தின் செருப்புகள் மட்டுமே தெரிந்தன. சாவியண்ணன் தலையை நீட்டி மணி கேட்டார். நாலு இருபது. காலை பதினொன்றுக்கு நடக்கவேண்டிய விழா. தலைமை விருந்தினர் வரவில்லை என்று தள்ளித் தள்ளி, கடைசியில் நாலரை என்றார்கள். பின்சந்துக்குத் தண்ணீர் வருவதோ நாலிலிருந்து ஆறு வரை.

இருபத்தெட்டு வருடமாக நகரத்தின் குடிநீர் வால்வுகளைத் திறந்து மூடுகிறவர் அவர். ஆள் உயர இரும்புச் சாவி எப்போதும் தோளில் இருக்கும். பெயர் அப்படி வந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்.

பதினைந்து வருடத்துக்கு முன் பின்சந்தின் குழாய் உடைந்தது. பதினோரு மாதம் மனு கொடுத்தும் ஆபீஸ் அசையவில்லை. சதுக்கத்து நீரூற்றின் பழைய குழாய் அந்தச் சந்தை உரசிக்கொண்டு சும்மா கிடந்தது. ஒரு ஞாயிறு மதியம் இவரே இரண்டையும் இணைத்துவிட்டார். முப்பத்திரண்டு வீடு. எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஆபீஸ் மனமிரங்கிவிட்டது என்று சந்துக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி.

இந்த வருடம் நகரத்துக்கு இருநூறு வயது. வரலாற்று டீச்சர் பழைய வரைபடமும் கையுமாக, ஞாயிறுதோறும் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். குழி மூடிகளைத் தூக்கிக் காட்டுவது சாவியண்ணன் வேலை. கூட்டம் கேட்கக் கேட்க அவருக்கு வாய் நீண்டது. யாரும் கேட்காத நீரூற்றுக் குழாயின் மூடியையும் தூக்கினார். அதில்தான் மாட்டினார்.

"அண்ணே, செத்த லைன்னு சொன்னீங்க. குழாய் ஈரமா இருக்கே?"

"பழைய இரும்பு டீச்சர். அதுக்கும் வேர்க்கும்."

டீச்சர் சிரித்தார். ஆனால் விடவில்லை. குழாய் உயிரோடுதான் இருக்கிறது என்று விழாக் குழுவில் போய்ச் சொல்லிவிட்டார். நாற்பது வருடமாகக் காய்ந்து கிடக்கும் நீரூற்றை விழாவில் ஓடவிடுவதென்று முடிவாயிற்று.

"ஊருக்கு இருநூறு வயசு. உங்களுக்கு ஏன் வேர்க்குது?" என்றாள் மனைவி காலையில். "பதினொரு மணிக்குச் சந்துல தண்ணியே கிடையாது. திறந்து மூடிட்டு வாங்க."

இப்போது நாலரை.

"திறங்க!" என்றார் மேலிருந்து ஆபீஸ் இன்ஜினியர்.

முழுதும் திறக்க இருபது சுற்று. ஆறு சுற்று வரை சந்தில் தண்ணீர் நிற்காது. ஆறாவது சுற்றில் நிறுத்தினார். நீரூற்று முழங்கால் உயரம் எழும்பியது.

"எங்க வீட்டுக் குழாயே இதைவிட நல்லா வரும்பா!" என்று ஒருவர் கத்த, கூட்டம் சிரித்தது.

"இன்னும் திறங்க!"

"திரும்பல சார். துரு."

இன்ஜினியர் பேன்டை மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். சாவியைப் பிடித்தார். ஏழு. எட்டு.

"துருவா இது? எண்ணெய் போட்ட மாதிரி சுத்துது!"

ஒன்பது. சாவியண்ணன் அவர் கைமேல் கை வைத்தார். "விடுங்க சார். இதுக்கு மேல திறந்தா பின்சந்துல முப்பத்திரண்டு வீட்டுக்குத் தண்ணி நின்னுடும்."

"அந்தச் சந்து இந்த லைன்லயே இல்லையே. யார் இணைச்சது?"

"நான்தான்."

"யார் ஆர்டர்ல?"

"ஆர்டர் கேட்டுப் பதினோரு மாசம் நடந்தேன் சார். அப்ப நீங்க காலேஜ்ல இருந்திருப்பீங்க."

மேலே ஒலிபெருக்கி கூட்டத்தைக் கைதட்டச் சொன்னது. இன்ஜினியர் சாவியை விட்டார்.

"முன்ன வச்ச அளவுக்கே கொண்டு வாங்க. நாளைக்குப் பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"போட்டா என் வேலை?"

"நடவடிக்கை கட்டாயம் வரும். போடலன்னா, நீங்க போனதும் அடுத்து வர்றவன் செத்த லைன்னு மூடிட்டுப் போயிடுவான்."

அதைச் சாவியண்ணன் யோசித்ததே இல்லை.

மறுநாள் எழுதினார். எட்டாம் நாள் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. சாவியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு, வெறும் தோளோடு நாலு மணிக்குப் பின்சந்துக்குள் நடந்தார். முதல் குழாயில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே," என்றாள் பின்னால் வந்த ஒரு பெண். "குடம் வைக்கணும்."

தள்ளி நின்றார்.