கட்டிலுக்கு அடியில் இருந்த நீலம்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டில் எப்போதும் தலைகீழாக நின்றுகொண்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதைப் பார்த்தால், கவிழ்ந்து கிடக்கிறதே என்று நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா அதை மறுபடி கவிழ்த்துவிடுவாள். உள்ளே இருந்தது நீலப் பெயிண்ட்.

நான் பிறப்பதற்கு முன் எங்கள் குடும்பம் கடப்பேரியில் வாடகைக்கு இருந்தது. அம்மாவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிய சமயம், சித்தப்பா அந்த வீட்டு வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். அவருக்கு அதுதான் தொழில். ஒரு வீட்டில் மீந்த வெள்ளையையும் இன்னொரு வீட்டில் மீந்த நீலத்தையும் வாளியில் கொட்டி, கண்மதிப்பாகக் கலக்கிய கலர். எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது. அந்தக் கதவுக்குள் பிறந்த என் அண்ணன், நடை பழகுவதற்கு முன்பே காய்ச்சலில் ஆண்டவரிடம் போய்விட்டான். கதவுக்கு அடித்ததில் மீந்த பெயிண்டைத்தான் அம்மா அவனுடைய சின்னக் கல்லறைக்குப் பூசினாள். சுற்றிலும் எல்லாம் வெள்ளையாக இருக்க, அவனுடையது மட்டும் நீலம். யாராவது கேட்டால், "அவன் வீடு அவனுக்கு அடையாளம் தெரிய வேணாமா?" என்பாள்.

பிறகு நாங்கள் சேலையூருக்கு வந்துவிட்டோம். கடப்பேரி வீட்டுக்காரர் கதவுக்குப் பச்சை அடித்துவிட்டார். ஆக, அந்த நீலம் கல்லறையில் இருந்தது. அதை விட்டால் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் புதிதாக ஒரு கை பூச வேண்டும். அதற்கு அது காயாமல் இருக்க வேண்டும்.

பெயிண்டுக்குச் சத்துரு காற்று என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெயிண்ட் குறையக் குறைய அதைவிடச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுவாள். டப்பாவில் இருந்தது ஊறுகாய் பாட்டிலுக்கு வந்தது. அதுவும் குறைந்து, நான் நாலாவது படிக்கும்போது ஜாம் பாட்டிலில் இருந்தது. பாட்டில் வாயைச் சுத்தமாகத் துடைப்பாள். கழுவிக் காயவைத்த பால் கவரை வட்டமாக வெட்டி மேலே போட்டு, மூடியை இறுக்கிக் கவிழ்த்து வைப்பாள். கவிழ்த்தால் பெயிண்டே மூடி இடுக்கை அடைத்துக்கொள்ளும். அப்படியும் ஆடை கட்டினால் அது அடிப்பக்கமாகப் போய்விடும். நிமிர்த்தும்போது மேலே நல்ல பெயிண்ட் இருக்கும். அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது, வெயில் படக் கூடாது. ராத்திரி ஜெபமாலை முடிந்ததும், அப்பாவின் வேலை, என் படிப்பு எல்லாவற்றுக்கும் வேண்டிக்கொண்டு, கடைசியாக, "அந்தப் பெயிண்டு காயாம பாத்துக்கோ மாதாவே" என்பாள். அப்பா சிரிக்காமல் ஆமென் சொல்வார்.

முந்தின வருஷம் பூசி முடித்தபோது ஜாம் பாட்டிலில் பாதிகூட இல்லை. அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அடுத்த வருஷத்துக்கு வந்தாலே பெருசு" என்றாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சித்தப்பா வந்தார். நான் உள் அறையில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நேராகக் கட்டில் பக்கம் போய் முழங்கால் போட்டார். பூசைக்கே கோயில் வாசலோடு நின்றுவிடுகிறவர், திடீரென்று ஜெபம் செய்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் அவர் கை ஜாம் பாட்டிலை எடுத்தது. பேண்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு டானிக் பாட்டிலும் வெளியே வந்தது. ஜாம் பாட்டிலைத் திறந்து, குச்சியால் தொட்டுக் கட்டைவிரல் நகத்தில் வைத்து, ஊதி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ செய்தார். எல்லாம் பழையபடி மூடிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அம்மா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "அம்மா, சித்தப்பா அண்ணன் பெயிண்ட திருடிட்டாரும்மா! பாக்கெட்ல பாட்டில் வச்சிருந்தாரு!"

அம்மா மண்ணெண்ணெய் கேனை அப்படியே வைத்துவிட்டுப் பாட்டிலை எடுத்தாள். பெயிண்ட் கழுத்துவரை இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றவள், தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எடுக்கலடி" என்றாள்.

"அப்ப அந்த டானிக் பாட்டில் எதுக்கு?"

"வாய மூடு. சித்தப்பா கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாது. புரியுதா?"

எனக்கு நன்றாகவே புரிந்தது. எண்ணெய் குறையாத கலயத்தைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். திருடன் எடுக்க எடுக்க ஆண்டவர் நிரப்பியிருக்கிறார்.

கல்லறைத் திருநாள் அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. அம்மா கல்லறையில் பாசியைச் சுரண்டி, பழைய துண்டால் ஈரத்தைத் துடைத்து, காயும்வரை காத்திருந்தாள். பெயிண்டை வேட்டித் துணியில் வடிகட்டிப் பூச ஆரம்பித்தாள். சித்தப்பா சாமந்திப் பூவும் மெழுகுவத்தியுமாக வந்து நின்றார்.

"இன்னா அண்ணி, இன்னும் தீரலியா? ஜாம் பாட்டிலா, கெணறா?"

"தீராது தம்பி. ஆண்டவரு பாத்துக்குவாரு."

"அவருக்கு வேற வேல இல்ல பாரு" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. பாதி பூசியிருந்தது. பூசாத பக்கம் போன வருஷத்து நீலம். பூசிய பக்கம் கொஞ்சம் வெளிர்.

"அம்மா, கலர் வேற மாதிரி இருக்கு!"

சித்தப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா திரும்பாமலே, அவர் காதிலும் விழும்படி சொன்னாள்: "ஈரத்துல அப்படித்தாண்டி தெரியும். காஞ்சா சரியாயிடும். அப்படித்தான தம்பி?"

"ஆமா அண்ணி… காஞ்சா கரெக்டாயிடும்" என்றார் சித்தப்பா. பிறகு, கையிலேயே இருந்த தீப்பெட்டியைப் பாக்கெட் பாக்கெட்டாகத் தேடினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான் முதல் ஆளாகக் கல்லறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. கலர் சரியாகவில்லை. ஓரத்தில் பூசாமல் விட்ட பழைய நீலத்தோடு ஒப்பிட்டால் யாருக்கும் தெரியும். பெயிண்டைப் பற்றி எல்லாம் தெரிந்த அம்மாவுக்கும், அதையே தொழிலாகச் செய்கிற சித்தப்பாவுக்கும் இது தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு பேருக்கும் கண் சரியில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து, அன்றைய ஜெபத்தில் அவர்கள் பார்வைக்காக 'அருள் நிறைந்த மரியே' ஒன்றைக் கூடுதலாகச் சொன்னேன்.