கண்ணாடிக்காரன் வாசலில் நின்ற கிழமைகள்

ஒரு ரீவி வில்லனுக்குப் பாவம் பார்க்கலாமா, கூடாதா என்று எங்கள் வீட்டில் ஒரு தவக்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. சும்மா வாய்ச்சண்டை இல்லை. சித்தி அப்பாவுக்கு நேரே தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்தி, கோப்பையை என்னிடம் தந்துவிடுகிற அளவுக்குப் போன சண்டை. எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் அப்பாவின் கட்சி. கட்சியின் ஒலிபெருக்கி என்றே சொல்லலாம்; அவ்வளவு வாய்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரை ஆட்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்து மாங்குளத்துக்கு மேற்கே, காட்டை வெட்டிப் போட்ட ஓலைக் கொட்டில்களில் இருந்தோம். கடல் இல்லை, கரண்ட் இல்லை. இரவில் கடிக்கிற நுளம்பு மட்டும் தாராளம். அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே ஒரு ரீவிதான் இருந்தது, கறுப்பு வெள்ளை. வயல் உழுகிற றைக்ரர்களைத் திருத்துகிற ஒருவர் அதை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் றைக்ரரின் பற்றறியைக் கழற்றி வந்து ரீவிக்குக் கொழுவுவார். பாலை மர உச்சியில் கட்டிய அன்ரனாவை ஒரு பெடியன் ஏறித் திருப்புவான். "வந்திட்டுது, வந்திட்டுது, ஐயோ போட்டுது" என்று கீழே நாங்கள் கத்துவோம். நாடகம் முடிந்ததும் பற்றறி மறுபடி றைக்ரருக்குப் போய்விடும்.

நாடகத்தின் பெயர் நினைவில் இல்லை. அதன் கதாநாயகனே வில்லன்தான். இரவு பகலாகக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தபடியால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கண்ணாடிக்காரன். தம்பியின் கடையை ஏமாற்றி எழுதி வாங்கினான். தங்கச்சியின் கலியாணத்தைக் குழப்பினான். பெற்ற தாயை நடுச்சந்தியில் இறக்கிவிட்டுப் போனான். இவ்வளவும் செய்துவிட்டு ஞாயிற்றுக்கு ஞாயிறு ஒவ்வொரு கிழமையும் கடைசியில் தனியே இருந்து கண்ணாடியைக் கழற்றி அழுவான். பின்னால் ஒரு புல்லாங்குழல் ஊதும். எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் அந்தப் புல்லாங்குழல்தான்.

எங்கள் கரையில் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தவக்காலத்தில் கோயில் வளவில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மேடைக்கு வந்தால் முன்வரிசைப் பிள்ளைகள் ஊளையிட வேண்டும். அது எங்கள் உரிமை, சாமியாரே தடுக்கமாட்டார். அதே பழக்கத்தை நாங்கள் ரீவிக்கும் கொண்டுவந்தோம். கண்ணாடியின் நுனி தெரிந்தால் போதும், கரைப் பிள்ளைகள் எல்லாரும் "ஊ" என்று தொடங்குவோம். ஊளையைத் தொடங்கி வைப்பது நான். ரீவிக்காரருக்குப் பொறுக்காது.

"எடியேய், கத்தினா பற்றறி கெதியா இறங்கும் தெரியுமோ!"

அதை நாங்கள் நம்பினோம். நம்பியும் கத்தினோம்.

ஒரு ஞாயிறு, புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருக்கையில், பின்னால் இருந்த சித்தி சத்தமாகவே சொன்னா: "பாவம் அந்த மனுசன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "ஆர் பாவம்?"

"அவன்தான். செய்த பிழை அவனைத் தின்னுது, பாருங்கோ."

"அழுறது ஆருக்கும் ஏலும், பிள்ளை. கமராவைக் கொண்டந்து முன்னாலை வைச்சா நானும் அழுவன்."

எல்லாரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. வீடு வந்து விறகு முறிக்கும்போதும் சிரிக்கவில்லை.

சித்தி யார் என்று சொல்லவேண்டும். அப்பாவின் தம்பியுடைய மனைவி; அப்பாவை அத்தான் என்று கூப்பிடுவா. சித்தப்பா எங்களோடு இல்லை. கரையில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக மீன் பிடிக்கிற ஒரு போட்டும் அதற்கு ஒரு இஞ்சினும் இருந்தன. எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று, இஞ்சினையும் வலைகளையும் முதலில் ஒரு றைக்ரரில் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே றைக்ரரில் திரும்பி வந்து எங்களை ஏற்றுவதாகச் சொல்லிப் போனவர் சித்தப்பா. அவர் வரவில்லை. நாங்கள் விடியும்வரை றோட்டில் இருந்துவிட்டு நடந்தோம். பிறகுதான் கதை வந்தது: இஞ்சினை விற்றுவிட்டார், காட்டுப் பாதையால் ஆமியின் பக்கமான வவுனியாவுக்குப் போய்விட்டார் என்று. ஏன் போனார் என்று எவருக்கும் தெரியாது. பயம் என்று சிலர் சொன்னார்கள். சித்தியையே விட்டுவிட்டுப் போன மனிதருக்கு என்ன காரணம் சொன்னாலும் பொருந்தத்தான் செய்தது. கடலில் தன் சொந்தப் போட்டில் நின்ற அப்பா இங்கே அடுத்தவன் வயலில் வரம்பு வெட்டினார். வீட்டில் சித்தப்பாவின் பெயரை எடுக்கக்கூடாது என்று எவரும் சட்டம் போடவில்லை. ஆனால் எவரும் எடுக்கவில்லை.

தவக்காலத்துக்கு முன்பே, நத்தார்ப் பெருநாள் முடிந்த கையோடு, வவுனியாவில் இருந்து வந்த சாமான் வியாபாரி ஒருவர் வாய்ச்செய்தி கொண்டுவந்தார். சித்தப்பா அங்கே அகதி முகாமில் இருக்கிறாராம். "அண்ணை வரச்சொன்னா வாறன், இல்லாட்டி வரமாட்டன்" என்றாராம். அப்பா வியாபாரியிடம் சவர்க்காரத்தின் விலை கேட்டார். அவ்வளவுதான் பதில்.

அதற்குப் பிறகு சித்தி அதைப்பற்றி அப்பாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கண்ணாடிக்காரனைப் பற்றித்தான் கேட்டா.

"திருந்தினவனை என்ன செய்யிறது, அத்தான்? கொல்லுறதோ?"

"திருந்தினானோ? தனிய இருந்து அழுறான். அவ்வளவுதான். தம்பியின்ரை முகத்திலை முழிச்சு ஒரு சொல்லுச் சொன்னவனோ?"

"முழிக்க விட்டாத்தானே சொல்லலாம்!"

"நடிக்கிறான் சித்தி," என்று நான் பாய்வேன். "அவன் யூதாஸ்!"

"வாயை மூடு," என்பா அம்மா. அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. சோறு பரிமாறுகிறவ அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்திருப்பா.

யூதாஸ் என்ற சொல்லை நான் எடுத்திருக்கக்கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? கரையில் வருசா வருசம் யூதாசாக நடித்தவர் சித்தப்பாதான். அந்த வேசத்துக்கு வேறு எவரும் சம்மதிப்பதில்லை. சனம் ஊளையிட, சித்தப்பா வேசத்துக்குள்ளேயே சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாராம். நான் சின்னப்பிள்ளையாக, ஒத்திகை நேரத்தில் அவர் மடியில் இருந்தே ஊளை பழகினேன் என்று அம்மா சொல்லுவா.

அன்று அப்பா சொன்னார்: "அவனுக்கு அந்த வேசம் நல்லாத்தான் பொருந்தினது."

கண்ணாடிக்காரனை அவர் சொல்லவில்லை என்று எனக்கும் விளங்கியது. சித்தி அகப்பையைக் கீழே வைத்தா.

"அந்த வேசத்துக்கு ஒவ்வொரு வருசமும் வசனம் பாடமாக்கிக் குடுத்தது நான், அத்தான். எனக்குத் தெரியும். யூதாஸ் திரும்பி வந்தவன். பிழை செய்திட்டன் எண்டு சொல்லி, வாங்கின வெள்ளியை எறிஞ்சவன். அங்கை நிண்ட பெரியாக்கள் என்ன சொன்னவை? 'அது உன்ரை பாடு' எண்டவை. ஒருத்தராவது 'வந்து இரு' எண்டு சொல்லியிருந்தா அவன் கயித்தைத் தேடிப் போயிருப்பானோ?"

அப்பா மடியில் சுருட்டைத் தேடினார். நான்தான் கட்சியைக் காப்பாற்றினேன்: "அப்ப சித்தி யூதாசுக்கும் பாவம் பாக்கிறா!" என்று கொட்டிலைச் சுற்றி ஓடினேன்.

நாடகம் கடைசிக் கிழமைக்கு வந்தது. எல்லாம் இழந்த கண்ணாடிக்காரன் தம்பி வீட்டுக்குப் போகப்போகிறான் என்பது அதற்கு முந்தின கிழமையே தெரிந்துவிட்டது. ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. ரீவிக்காரர்கூட கண்ணாடிக்காரனின் பக்கம் சாய்ந்திருந்தார். அந்த ஞாயிறு போகும் வழியில் சித்தி அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நடந்தா.

"அத்தான், தம்பிக்காரன் கதவைத் திறந்தா நீங்களும் திறக்கவேணும்."

அப்பா சிரித்தார். "திறக்காட்டி?"

"திறக்காட்டி நான் பிறகு வாயே திறக்கமாட்டன்."

"சரி, பாப்பம்."

கண்ணாடிக்காரன் மழையில் நனைந்துகொண்டு வந்தான். தம்பி வீட்டு வாசலில் நின்றான். கண்ணாடியைக் கழற்றினான். நான் ஊளையிட வாயெடுத்தேன். பின்னால் எவரோ குட்டினார்கள். கதவைத் தட்டினான். உள்ளே காலடிச் சத்தம். படம் சுருங்கியது. நாலு பக்கத்தாலும் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் போய்விட்டது.

முதல்நாள் கலியாண வீடு ஒன்றுக்குப் பாட்டுப் போட அந்தப் பற்றறியைக் கொடுத்திருந்தாராம் ரீவிக்காரர். சனம் அவரை அடிக்காத குறை. பெடியள் ரீவியின் தலையில் தட்டினார்கள். ஒருவன் சைக்கிள் டைனமோவைக் கொழுவி மிதிப்போம் என்றான். சித்தி மட்டும் எழும்பாமல் இருட்டின ரீவிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருந்தா.

திரும்பி வரும்போது கேட்டா: "இப்ப என்ன சொல்லுறியள்?"

"முடிவு தெரியட்டும், பாப்பம்," என்றார் அப்பா.

அப்பா தப்பிவிட்டார் என்று எனக்குச் சந்தோசம் தாங்காத புளுகம். கண்ணாடிக்காரன் இன்னும் வாசலில் நிற்கிறான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். குருத்தோலை ஞாயிறு வந்தது, பெரிய வெள்ளி வந்தது, அவன் நின்றான். முடிவு பார்த்த ஒருவரும் எங்கள் பக்கம் வரவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்தநாள் மாமா, அம்மாவின் தம்பி, வவுனியாவுக்கு வெளிக்கிட்டார். கண்ணில் பூ விழுந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அதற்கென்று அந்தப் பக்கம் போகப் பாஸ் கிடைத்திருந்தது. புளியங்குளத்தால் போகிற நேர்ப்பாதையில் சண்டை, சுற்றித்தான் போகவேண்டும். குடியிருப்பே கூடி அவரிடம் ஒரே விசயத்தைச் சொல்லியனுப்பியது: நாடகம் எப்படி முடிந்தது என்று கேட்டு வா. அப்பா மாமாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வளைவுவரை கூடவே நடந்தார். நான் பின்னால் போனேன்.

"மச்சான்," என்றார் அப்பா, "முகாமிலை அவனைக் கண்டா வரச்சொல்லு." சைக்கிளை மாமாவின் கையில் விட்டபடி, "நான் சொன்னதெண்டு சொல்லு," என்றார்.

என்னைக் கண்டதும், "வீட்டிலை கதைக்காதை. வந்தாப் பாப்பம்," என்றார். நான் கதைக்கவில்லை. ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்திருப்பது இவ்வளவு கஸ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

மாமா திரும்பி வந்தது ஒரு மத்தியானம். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. சைக்கிளை வேலியில் சாத்துவதற்கு முன்பே நாங்கள் சுற்றி வளைத்துவிட்டோம்.

"மாமா, கதவு திறந்ததோ?"

மாமா கட்டாத கண்ணால் அப்பாவைப் பார்த்தார். பிறகு, குசினி வாசலில் மாவுக் கையோடு நின்ற சித்தியைப் பார்த்தார்.

"திறந்தது," என்றார். "பூட்டியே இருக்கேல்லையாம். அவன் தள்ளிப் பாக்காமல் நிண்டிட்டான்."

அந்த முடிவு மாமா எங்கும் பார்த்ததோ கேட்டதோ இல்லை, சித்தியைக் கண்டு அந்த இடத்திலேயே கட்டிச் சொன்னது என்று எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது. அன்றைக்கு நாங்கள் ஒருவரும் சந்தேகப்படவில்லை. பாதிக் குடியிருப்பு கைதட்டியது. நான் தோற்றுப்போன கோபத்தில் ஊளையிட்டேன்.

"பாத்தியளோ அத்தான்!" சித்தியின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "சொன்னனான்தானே! இனி நீங்கள் அவரை வரச்சொல்லவேணும், பகிடி இல்லை."

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா. "வரச்சொல்லுவம்."

மாமா அப்பாவின் தோளில் கைவைத்துக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். அம்மாவையும் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து, சித்தியின் மாவுக் கையை அப்படியே பிடித்து உள்ளே கொண்டுபோனா. பிறகு கேட்ட சத்தத்தில் கைதட்டினவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வேலிப் படலையைத் தாண்டிப் போனார்கள்.

மலேரியாவாம். முகாமில் காய்ச்சலோடு கிடந்து, மாமா இங்கிருந்து வெளிக்கிட ஒரு கிழமைக்கு முன்பே, குருத்தோலை ஞாயிறு அன்று ஆஸ்பத்திரியில் செத்துப்போனாராம் சித்தப்பா. அங்கேயே அடக்கம் செய்தாயிற்று. மாமா போனபோது அவருடைய பாயில் வேறு ஒருவர் படுத்திருந்தாராம்.

செய்தி வந்த எட்டாம் நாள் சாமியார் வந்து கொட்டிலில் செபம் சொல்லிவிட்டுப் போனார். வந்தவர்களுக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தா. சனம் போனபிறகு சித்தி, சுவரோடு சாய்ந்திருந்த அப்பாவுக்கு முன்னால் வந்து நிலத்தில் இருந்தா.

"அத்தான், ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லுங்கோ. அவரை வரச்சொல்லி விட்டனீங்களோ?"

அப்பா ஓமென்று தலையை ஆட்டினார்.

"மெய்யாவோ?"

"மெய்தான், பிள்ளை."

சித்தியின் முகம் ஒரு கணம் நல்லாக இருந்தது. எட்டு நாளில் முதல் தடவையாக மனிதர் முகமாக இருந்தது. பிறகு கேட்டா: "எப்ப?"

அப்பா பாயின் ஓரத்தைப் பிய்க்கத் தொடங்கினார். அப்பாவுக்குத் தெரியும், ஆனால் ஞாபகம் வரவில்லை என்று நினைத்தேன். எங்கள் கட்சிக்கு வந்த இக்கட்டு. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாத கேள்வி வரும்போது எழும்புவது போல எழும்பினேன்.

"எனக்குத் தெரியும் சித்தி! உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்தநாள். மாமா போகேக்கை, வளைவிலை வைச்சுச் சொன்னவர். நான் பக்கத்திலை நிண்டனான்!"

சித்தி என்னைப் பார்த்தா. அப்பாவைப் பார்த்தா. "ஓ," என்று மட்டும் சொன்னா. பிறகு எழும்பி, வெளியே கிடந்த தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினா.

அப்பா முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து இருத்தினா. நான் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. எவரும் அதை மறுக்கவில்லை. இவ்வளவு சரியான ஒரு விடைக்கு ஏன் ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று, கோப்பைகள் கழுவுகிற சத்தத்தைக் கேட்டபடி யோசித்துக்கொண்டிருந்தேன்.